கொட்டுத்தண்ணிப் பயறு

புதிதாகச் சமையல் உதவிக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு,

உங்கள் பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டு, மேடையில் நாற்காலி போட்டு, கையில் மைக்கையும் கொடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எல்லாரும் நல்லா சமைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கை வேறு தட்டினீர்கள். என்ன சொல்லிவிட்டேன் என்று கை தட்டினார்கள் என பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல்தான். அதனால் எழுதித் தருகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

சாப்பாட்டு வேளையில் உங்களில் ஒருத்தி, "பயறுன்னா எல்லாம் ஒன்னுதான்டி, குக்கர்ல போட்டு விசிலு உட்டா வெந்துக்கினு போவுது" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு வாய்க்குள்ளேயே நின்றுபோனதை இப்போது சொல்கிறேன். எல்லாம் ஒன்றில்லை.

பயறை அவரவர் தம் வேலைக்குத் தகுந்தாற்போல் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் சாமான் எடுத்த கடை பாய், முழுசு ஒரு வரிசை, உடைத்தது ஒரு வரிசை, தோல் போனது ஒரு வரிசை என்று மூட்டைகளை நிறுத்தியிருப்பார். நிலத்துக்காரர்களுக்குக் கொடி ஏறுவது, செடியாக நிற்பது என்று பிரிவு. ஒரே கொடிதான், காயாகப் பறித்தால் அவரை, முற்றவிட்டுக் கொட்டையாக எடுத்தால் மொச்சை என்று சில ஊரில் சொல்வார்கள். ஆபீஸ் தாளில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் 'பயறு வகைகள்' என்று ஒரே வரி. யார் பிரிவும் தப்பில்லை. ஆனால் பெரிய அடுப்பில் பானை ஏற்றி, வெளியே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, இது கொடியா செடியா என்று தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

அடுப்படிக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவள் குப்பாயி.

என் பெயர் அஞ்சலை, ஊர் ரிஷிவந்தியம் பக்கம். நடவு, களை எடுப்பு என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். மலையில், கரியாலூருக்கு மேலே ஒரு விடுதிப் பள்ளியில் சமையல் உதவிக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். அங்கே அடுப்படியில் நாங்கள் மூன்று பேர். தலைமைச் சமையல் பெரியக்கா. அவர் கள்ளக்குறிச்சிக்காரர். பெயர் சொல்லமாட்டேன், அவருடைய பிள்ளைகள் இதைப் படித்தாலும் படிப்பார்கள். இன்னொருத்தி குப்பாயி, மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். மூன்றாவது நான்.

பெரியக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைப்பீர்கள். சோறு வெந்ததா என்று மூடியைத் திறக்காமல் கொதிக்கிற சத்தத்திலேயே கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். யாராவது அதிகாரி வந்து என்னை ஏதாவது கேட்டால், நான் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். பெரியக்கா நடுவில் புகுந்து, "அவளுக்கு வாயி இல்லீங்க, கை இருக்குது. என்னக் கேளுங்க" என்பார். எனக்காக அவரே பேசிவிடுவார். அவர் வைக்கும் ரசத்துக்காகவே சோற்றில் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அதுவும் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் அவர் ரசம் வைத்தால், மலைக் குளிருக்கு அது மருந்து மாதிரி இறங்கும். "தண்ணியிலதான்டி சத்து. தண்ணிய கொட்றவ சத்த கொட்றா" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

இனி குப்பாயி. சேர்ந்த புதிதில் நான் அவளிடம் மலைப் பயறுகளின் பெயரை எல்லாம் கேட்டு உயிரை எடுத்தேன். இது என்ன, அது என்ன, இந்தப் புள்ளி போட்டது என்ன. அவளுக்கு அலுத்துப்போனது.

"அக்கா, பேர கேட்டு இன்னா பண்ணப் போற? பயறு ரெண்டுதான். ஒன்னு குடிக்கிற தண்ணி, ஒன்னு கொட்ற தண்ணி."

அவ்வளவுதான் அவள் கணக்கு. கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு, துவரை இவையெல்லாம் வேகவைத்த தண்ணீரைக் குடிக்கலாம், குழம்பில் ஊற்றலாம். மொச்சை, கறுத்த அவரைக்கொட்டை, தம்பட்டங்கொட்டை, பூனைக்காலி இவையெல்லாம் கொட்டுத்தண்ணி. ஊறவைத்த தண்ணீரையும் கொட்ட வேண்டும், வேகவைத்த தண்ணீரையும் கொட்ட வேண்டும். பூனைக்காலி என்றால் தண்ணீர் தெளிகிற வரைக்கும் மாற்றி மாற்றி வேகவைத்துக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீர் உள்ளே போனால் வாந்தி வரும், தலை கிறுகிறுக்கும், ஆளே பேதலித்துப்போன மாதிரி ஆகிவிடும் என்றாள்.

"மொச்சத் தண்ணியும் அப்டியா?" என்று கேட்டேன்.

"மொச்ச பாவம், அவ்ளோ பண்ணாது. ஆனா கொட்ற சாதியில சேர்ந்துடுச்சில்ல, கொட்டிட வேண்டிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மலையில் ஒரே கொல்லையில் எல்லாக் கொடியும் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. காய்ந்த பிறகு அடித்தால் எல்லாம் ஒரே களத்தில் விழும். ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கி இது இன்னது என்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் கிடையாது. சந்தேகமானதை எல்லாம் ஒரே பக்கம் ஒதுக்கி, எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் பார்க்க வேண்டியதே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மொச்சை அறுவடை முடிந்து காய்ந்ததும், விடுதியில் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒரு படி பயறு கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் வைத்திருக்கும் கோணிப்பையில் கொட்டிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை. தம் வீட்டுப் பயறு பிள்ளை வயிற்றில் சேர வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு ஆசை. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, புள்ளி போட்டது எல்லாம் அந்த ஒரே பைக்குள் கிடக்கும்.

முதல் வருஷம் அதை அப்படியே வேகவைத்தோம். புதுப் பயறு குழைந்து கூழாகிவிட்டது, போன வருஷத்துப் பழசு கல்லாகவே கிடந்தது. பிள்ளைகள் அந்தக் கல்லை விரலால் சுண்டி விளையாடி, ஒன்று சாரின் கண்ணாடியில் போய்ப் பட்டது. சார் என்றால் விடுதியைப் பார்த்துக்கொண்ட வாத்தியார். நல்ல மனுஷன், எதற்கும் அதிகம் கோபப்படமாட்டார். அதிலிருந்து பழசையும் புதுசையும் மட்டும் கடித்துப் பார்த்துப் பிரிப்போம். மற்றபடி எல்லாம் கொட்டுத்தண்ணிதான், குப்பாயி பார்த்துக்கொள்வாள், பெரியக்கா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அது மாசி மாதம். கச்சிராயபாளையத்திலிருந்து மேலே வரும் பாதையில் ஒரு லாரி வளைவில் சாய்ந்துவிட்டது என்று காய்கறி வேன் வரவில்லை. தக்காளி இல்லை. துவரம்பருப்பு டின்னின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கைவசம் இருந்தது அரிசி, புளி, கொஞ்சம் கத்தரிக்காய், அப்புறம் முதல் நாளே ஊறப்போட்டிருந்த அந்த மலைப் பயறு. பயறும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு என்று முடிவாயிற்று. குழம்பு எல்லாருக்கும் எட்டாது. ரசத்துக்கு என்ன பண்ணுவது என்று பெரியக்கா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

குப்பாயி பயறை வேகவைத்து முதல் தண்ணீரை ஒரு அண்டாவில் வடித்தாள். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றினாள். வடித்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்ததால், ஆறட்டும் அப்புறம் கொட்டலாம் என்று சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டாள். நான் வெளியே குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பெரியக்கா திரும்பிப் பார்த்திருக்கிறார். அண்டா நிறைய, செம்மண் நிறத்தில், கெட்டியாக, ஆவி பறக்கும் தண்ணீர். பார்வைக்கு அச்சு அசலாகக் கொள்ளுத் தண்ணீர். பருப்பில்லாத நாளில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் எந்தச் சமையல்காரிக்கும் கை நீளும். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். புளி கரைத்து ஊற்றி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு, கடுகு தாளித்துக் கொட்டினார்.

அரிசியை உலையில் போட உள்ளே வந்தபோது வாசனை ஆளைத் தூக்கியது. வேன் வரவில்லையே, பெரியக்கா எப்படியோ சமாளித்துவிட்டாரே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு சோறு வெந்தது, குழம்பு இறங்கியது, மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில்தான், கழுவிய பாத்திரத்தை அடுக்கப் போன குப்பாயி சுவரோரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணிய நீ கொட்டினியா?"

"எந்தத் தண்ணி?"

"பயறு வடிச்சனே, மொதல் தண்ணி. தோ இங்கதான் வெச்சேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரச அண்டாவைப் பார்த்தோம். அதே அண்டாதான்.

"அதுல பூனைக்காலி இருந்துச்சா, குப்பாயி?"

"இருந்தாலும் இருக்கும். மேல்பக்கத்து ஊர்ல சில வூட்ல ஜாஸ்தி போட்றாங்க. யாருக்கா பாத்தா? எப்டியும் கொட்ற தண்ணிதானன்னு..."

"பெரியக்காகிட்ட சொல்லு."

"நானா? நீ சொல்லுக்கா. நான் சொன்னா மலைக்காரி புத்தின்னும்."

இதில்தான் எனக்கு இன்றுவரைக்கும் ஆத்திரம். அண்டா நிறைய ஆபத்தை வைத்துக்கொண்டு, யார் வாயைத் திறப்பது என்று நானும் அவளும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். வெளியே பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்தான் போனேன். "பெரியக்கா, அந்த ரசம் வேணாங்க்கா. அது கொட்ற தண்ணி."

"இன்னாடி ஒளற்ற?"

"பயறு வடிச்ச மொதல் தண்ணிக்கா. மலைக்காரங்க குடிக்கமாட்டாங்க. தலை சுத்துமாம்."

"கொள்ளு தண்ணிய குடிக்கிறோம், காராமணி தண்ணிய குடிக்கிறோம், இது மட்டும் ஆவாதா? நான் ஒரு டம்ளர் குடிச்சிட்டேன், தோ நிக்கிறேன் பாரு. எனுக்கு இன்னா கொம்பா மொளச்சிருக்குது?"

அதற்குள் சார் உள்ளே வந்தார். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் அவரும் ருசி பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

"என்னம்மா தகராறு? ரசம் நல்லாதானே இருக்கு. நான் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்."

"அஞ்சலைக்கு இன்னிக்குத்தான் வாயி மொளச்சிருக்குது சார்" என்றார் பெரியக்கா. "ரசத்த கொட்டணுமாம்."

சார் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதுல கெட்ட பயறு இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாதுங்க."

"யாராவது பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்கும்மா கொட்டணும்? பிள்ளைங்களுக்கு குழம்பும் பத்தாதுன்னு சொல்றீங்க. வெறும் சோறா போடறது?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நியாயமான கேள்வி. நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் என் பயமே. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு வரவில்லை. குப்பாயியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா, "வழிய வுடு, புள்ளைங்க பசியில கத்துதுங்க" என்று ரசத்தை மொண்டு ஊற்றுவதற்காக வாளியை எடுத்தார்.

என் காலடியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு வாளி நிறைய இருந்தது. சாம்பலும் சோற்றுப் பருக்கையும் மிதந்துகொண்டிருந்த தண்ணீர். அந்த வாளியைத் தூக்கி அப்படியே ரச அண்டாவில் கவிழ்த்துவிட்டேன்.

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! அடிப்பாவி! சோத்துல கை வெக்கிற நேரத்துல கழுநீர ஊத்திட்டியேடி! ஒனக்கு புத்தி பெரண்டுப்போச்சா? சார், நீங்களே பாத்தீங்களா சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் மேல எழுதித்தான் ஆகணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் அண்டாவை விட்டு நகரவில்லை. தெளிந்த பிறகு மேலாக வடித்துப் போடுவோமா என்று கேட்கக்கூடிய ஆள் பெரியக்கா. சாமான் வீணாவது அவருக்கு அவ்வளவு ஆகாது.

குழம்பில் வெந்நீர் ஊற்றி, உப்பும் புளியும் கூட்டி, நீட்டிப் பரிமாறினோம். அந்தப் பயறு தெளிகிற வரைக்கும் தண்ணீர் மாற்றி நன்றாக வெந்தது, அதில் எனக்குப் பயமில்லை. பந்தியில் ஒரு பெண் பிள்ளை தட்டில் குழி பறித்து வைத்துக்கொண்டு, "ரசம் எங்க ஆயா? வாசன வந்துதே?" என்று கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெரியக்கா கரண்டியோடு வந்து, "எலி வுழுந்துடுச்சிடா கண்ணு. நாளைக்கு வெச்சித் தரேன்" என்றார். அவ்வளவு கோபத்திலும் என்னைப் பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொடுக்கவில்லை.

இதற்கு மேல் என்ன நடந்தது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். சொன்னால் உங்களுக்கும் எரிச்சல்தான் வரும்.

இரண்டு தடவை வாங்கிக் குடித்த சார், சாயங்காலம் பிள்ளைகளோடு வாலிபால் ஆடினார். ஒன்றும் ஆகவில்லை. பெரியக்கா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாமான் அறையில் சுருண்டு படுத்திருந்தார். இரண்டு தடவை பின்பக்கம் எழுந்து போனதைப் பார்த்தேன். என்னோடு பேசமாட்டார் என்பதால் குப்பாயியை அனுப்பிக் கேட்கச் சொன்னேன்.

"தலை சுத்துதாக்கா, வாந்தியா வருதான்னு கேட்டன்க்கா. 'பித்தம்னு போய் சொல்லு அவகிட்ட'ன்னு சொல்லுது."

கோபத்தில் அவர் மத்தியானம் சாப்பிடவும் இல்லை. காலி வயிற்றில் பித்தமாகவும் இருக்கலாம். நான் என்னத்தைச் சொல்வது?

குழம்புப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த பயறை எடுத்துக் குப்பாயியும் நானும் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தோம். தோல் கழன்று எல்லாம் ஒரே நிறத்தில் கிடந்தன. "இது மொச்ச, இதுவும் மொச்ச, இது... தெரியிலக்கா" என்றாள் அவள். மேல்பக்கத்து ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "இருந்திருக்கும். பொறுக்கிட்டுதான் போட்டோம், ஒன்னு ரெண்டு தங்கியிருக்கும். ஏங்க, தண்ணிய கொட்டிட்டுதான செய்வீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கு அது கேள்வியே இல்லை.

ஆக அந்த ரசம் பிள்ளைகளை என்ன செய்திருக்கும் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. சார் மேலே எழுதினாரா இல்லையா என்றும் தெரியாது. என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

உங்களில் சிலர் நினைப்பீர்கள், நன்றாக விசாரித்துப் பார்த்துவிட்டுக் கொட்டியிருக்கலாமே என்று. தட்டு போட்டாயிற்று. பிள்ளைகள் உட்கார்ந்தாயிற்று. யாரிடம் போய் விசாரிப்பது? விசாரித்து முடிப்பதற்குள் அவர்கள் குடித்து முடித்திருப்பார்கள். கொட்டினால் ஒரு வேளை ரசம் போகும். என் வேலை போகலாம். கொட்டாவிட்டால் என்ன போகும் என்று தெரியாது. தெரியாத பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. இதைத்தான் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை இப்போதுதான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெட்டது நடந்தால்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். நடக்காமல் போனதை யாரும் பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருந்தால் எல்லாரும் என்னைச் சரி என்று சொல்லியிருப்பார்கள். ஒரு பிள்ளையும் எடுக்கவில்லை, அதனால் நான் பைத்தியக்காரி ஆனேன். இதற்கு வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா, நீங்களே சொல்லுங்கள். பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தால், இப்போதே வேறு வேலை பாருங்கள்.

பெரியக்கா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து அடுப்பு. ஆனாலும், "குப்பாயி, அவள உப்ப எடுக்கச் சொல்லு" என்பார். நான் உப்பை எடுத்து நீட்டுவேன். "குப்பாயி, அங்கியே வெக்கச் சொல்லு" என்பார். நடுவில் நின்று குப்பாயிக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு என்ன போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்க" என்று அழுதாள். மறுபடி அதிகாரி ஒருவர் வந்தபோது என்னைத்தான் ஏதோ கேட்டார். நான் பழக்கதோஷத்தில் பெரியக்காவைப் பார்த்தேன். அவர் கடுகு பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையே நிமிரவில்லை. நானாகவே பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, வேர்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு பேச்சு வந்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. அந்த ரசத்தைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, தான் தப்பு என்றும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுக் கீழே இறங்கிய பிறகு, அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், அதில் சந்தேகமில்லை. என்ன சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

மலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். என் நம்பரைக் குப்பாயி கொடுத்திருக்கிறாள். மொச்சையோடு வேறு ஏதோ கொட்டை கலந்து வந்திருக்கிறது, எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். போனை வைக்காமல், "இன்னொன்னு கேக்கணுங்க்கா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள்.

"இன்னா?"

"எங்களுக்கு சொல்லிக்குடுத்த அம்மா சொன்னாங்க, மலைப்பயறு வடிச்சா ஒடனே தண்ணிய கொட்டிடுங்கடி, வெச்சிருந்தீங்கன்னா எங்கிருந்தோ ஒரு பைத்தியக்காரி வந்து கழுநீர ஊத்திடுவா, மொத்த சமையலும் நாசமாப்பூடும்னு. நெஜமாவே ஒங்க காலத்துல அப்டி ஒருத்தி இருந்தாங்களாக்கா?"

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஏன் கொட்ட வேண்டும் என்ற காரணத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பெரியக்கா.

"இருந்தா" என்றேன். "நீ தண்ணிய கொட்டிட்டியா?"

"ஐயோ, அப்பவே கொட்டிட்டங்க்கா. பயமா இருக்காதா?"

"சரி, போன வை. அடுப்பப் பாரு."